கல்லூரி வாயிலிற் கரிசற் பிள்ளைகள்

மேழத் திங்களின் (சித்திரை) இறுதியிற் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவருகின்றது. கோவிற்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, சாத்தூர் என விரியும் கரிசற் காட்டுக்கு அஃது உகந்த பருவம் அன்று. கன்னித் திங்களில் (புரட்டாசி) விதைத்து, துலையிலும் நளியிலும் (ஐப்பசி, கார்த்திகை) பெய்யும் வானத்தை நம்பிக் காத்திருந்து, உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் சுறவத்தை (தை) ஒட்டி வீடு வந்து சேர்ந்து, பருத்தி எடுப்பும் முடிந்து, வந்த பணம் பழைய கடனுக்கும் அடகுக்கும் போய்ச் சேர்ந்த பின்னர், நிலம் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும் வெறுங்கைக் காலமே மேழமும் விடையும். அந்தக் காலத்திலேதான் கல்லூரிகள் தம் வாயிலைத் திறக்கின்றன. விண்ணப்பக் கட்டணம், சான்றுகளுக்கு அலையும் பேருந்துச் செலவு, கலந்தாய்வுக்கான முன்பணம், விடுதிக்கு முதற்றவணை எல்லாம் ஒருங்கே வந்து கதவைத் தட்டுகின்றன. கல்வித்துறையின் நாட்காட்டியை வகுத்தவர்க்குக் கரிசற்காட்டின் நாட்காட்டி தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்னும் எண்ணமும் அவர்க்கு எந்நாளும் இருந்ததில்லை.

பிள்ளையின் மேற்படிப்புக்குப் பெற்றோர் செய்யத்தக்க துணை யாது என்று கேட்டால், பணம் என்றே பெரும்பாலார் விடை கூறுவர். பணம் வேண்டுவதே. ஆயினும் அரசுப் பள்ளியிற் படித்த பிள்ளைக்குப் பல வாயில்களிற் பணத்தினும் முன்னே நிற்பது செய்தியறிவு. எந்தச் சலுகை எவர்க்கு உரியது, அதனைப் பெற எந்தச் சான்று வேண்டும், எந்நாளுக்குள் அது கையிலிருக்க வேண்டும் என்பன தெரியாமையால் உரிய இடத்தை இழந்தவர்கள் இப்பகுதியில் ஊருக்கு ஒருவரேனும் இருப்பர். தீப்பெட்டித் தொழிலகத்தில் நாட்கூலிக்குக் குச்சியடுக்கும் தாயையும், ஏர் பிடித்து ஏமாந்த தந்தையையும் இதற்காகக் குறை கூறுதல் அறமாகாது. அறிந்திருக்க வேண்டிய செய்தியை அவர்தம் மொழியிற் கூறாதவரே குற்றவாளிகள்.

இக் கரிசல் நிலத்திற்குக் கல்வி வரலாற்றில் ஒரு தனியிடம் உண்டு. பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராயிருந்த ஞான்று, 1956ஆம் ஆண்டில், பள்ளிப் பிள்ளைகட்கு நண்பகலுணவு வழங்கும் திட்டத்தை எட்டயபுரத்திலேதான் தொடங்கி வைத்தார். பசித்த வயிற்றோடு ஆடு மேய்க்கப் போயிருந்த பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளே இன்று கல்லூரி வாயிலில் நிற்கின்றனர். வயிற்றுக்கு வழி திறந்து எழுபதாண்டு ஆகின்றது. மொழிக்கு வழி இன்னும் அரைகுறையாகவே திறந்திருக்கின்றது.

கோவிற்பட்டிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருக்களில் விடைத் திங்களில் எந்தக் கணினிக் கடைக்குப் போனாலும் இதனைக் கண்ணாரக் காணலாம். பொறியியற் சேர்க்கை 2018ஆம் ஆண்டு முதல் இணையவழிக் கலந்தாய்வாக மாறிவிட்டது. அதன் விளக்க ஏட்டிற் சில பகுதி தமிழில் அமைந்தாலும், நிரப்ப வேண்டிய கட்டங்களில் ஆங்கிலமே ஆட்சி செய்கின்றது. பிள்ளையும் தந்தையும் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்திருக்க, கடைக்காரத் தம்பி விசைப்பலகையைத் தட்டுவார். இடையில் நின்று, “அண்ணாச்சி, ஆதார் அட்டையிலே ஒரு மாதிரி இருக்கு, மதிப்பெண் பட்டியலிலே வேறு மாதிரி இருக்கு, எந்தப் பேரைப் போடட்டும்?” என்பார். அண்ணாச்சி விழிப்பார். எழிலரசி என்று அழகிய தமிழிற் பெயர் வைத்தவர் அவர். தமிழில் அப்பெயரை ஒரே வகையாகத்தான் எழுத முடியும். ஆங்கிலத்திலோ, ழகரத்திற்கு ஒருவர் ஈரெழுத்து இட்டிருப்பார்; மற்றொருவர் லகரத்திற்கு உரியதையே இட்டிருப்பார்; மூன்றாமவர் இறுதி எழுத்தை இரட்டித்திருப்பார். பிறப்புச் சான்றில் ஒருத்தி, குலச் சான்றில் ஒருத்தி, ஆதாரில் ஒருத்தி என ஒரு பெண் மூவராய்ப் பிரிந்து நிற்பாள். சான்று சரிபார்க்கும் நாளில் மூவரும் ஒருத்தியே என்று நிறுவத் தந்தை வட்டாட்சியர் அலுவலகத்திற்கு நடக்க வேண்டும்.

தமிழன் தன் நாட்டில், தன் அரசின் கல்லூரியில் இடம் கேட்பதற்குத் தன் பெயரை அயலெழுத்திற் பிழையற எழுதிக் காட்ட வேண்டுமென்பது எத்துணைக் கேடு! மாணவர் தம் பெயரின் முன்னெழுத்தைத் தமிழிலேயே இடவேண்டுமென 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஆணையிட்டது. நல்லதே. ஆனால் முன்னெழுத்தைத் தமிழில் இட்ட பிள்ளை கணினியின்முன் அமர்ந்ததும் பெயர் முழுவதையும் ஆங்கிலத்திற் கொட்ட வேண்டியிருப்பின், அவ்வாணையின் பயன் யாது? அரசே தன் ஏடுகளனைத்திலும் தமிழ்ப்பெயரை மூலமாகக் கொண்டு, ஆங்கில வடிவை அதனின்று ஒரே நெறியிற் பெயர்த்துக் கொண்டால் இத் தொல்லையிற் பாதி தீரும். அது நிகழும்வரை, பத்தாம் வகுப்புப் பதிவின்போதே ஆங்கில எழுத்துக் கூட்டல் எல்லா ஏடுகளிலும் ஒன்றாயிருக்கின்றதா எனப் பார்த்துக் கொள்ளுதல் பெற்றோர் செய்யத்தக்க முதற் காவல்.

இதனினும் பெரிய இழப்பொன்று ஓசையின்றி நிகழ்ந்து வருகின்றது. பிள்ளை ஐந்தாம் வகுப்பு வரை ஊர்ப்பள்ளியில் தமிழிற் படித்து வரும். “இனி இங்கிலீசு மீடியத்திற் போட்டால்தான் காலேசுக்கு ஆகும்” என்று எவரோ கூறுவர். ஒரு காணி நிலத்தை ஒற்றி வைத்தேனும் பிள்ளையை நகரத்துத் தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பிற் சேர்ப்பர். மஞ்சள் நிற வண்டி ஊருக்குள் வந்து பிள்ளையை ஏற்றிச் செல்லும். அன்பினாலேதான் செய்கின்றனர். ஆனால் அந்த ஒரு செயலால் அப்பிள்ளை இரண்டு உரிமைகளை இழந்துவிடுகின்றது என்பது பெரும்பாலார்க்குத் தெரியாது.

முதலாவது, அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு. 2020ஆம் ஆண்டிற் சட்டமாகி, மருத்துவப் படிப்பிற்கு அவ்வாண்டே நடைமுறைக்கு வந்தது. நீட் தேர்வு வந்தபின் ஆண்டுதோறும் விரல்விட்டு எண்ணத்தக்க அரசுப் பள்ளிப் பிள்ளைகளே மருத்துவக் கல்லூரியில் நுழைந்திருந்த நிலைமாறி, முதலாண்டிலேயே ஏறத்தாழ 400 பேர் மருத்துவத்திலும் பல் மருத்துவத்திலும் இடம் பெற்றனர். 2021ஆம் ஆண்டிற் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றிற்கும் அது விரிக்கப்பட்டது. அவ்வொதுக்கீட்டிற் பொறியியலிற் சேர்வோர்க்குப் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்குமென்றும் அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது. இதற்குரிய அடிப்படைத் தகுதி, ஆறாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் படித்திருத்தல். இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்குப் போய்வந்தாலும் உரிமை போய்விடும். (கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியிற் படித்து ஒன்பது முதல் அரசுப் பள்ளியிற் பயின்றார்க்கு மட்டும் விலக்கு உண்டு.) அரசு உதவிபெறும் பள்ளியும் அரசுப் பள்ளியும் ஒன்றல்ல என்பதையும் இங்குக் கூறியாக வேண்டும். கோவிற்பட்டி வட்டாரத்தில் உதவிபெறும் பள்ளிகள் மிகுதி. அங்குப் படித்த ஏழைப் பிள்ளை இவ்வொதுக்கீட்டிற்கு உரியதாகாது என்பது கலந்தாய்வு நாளிலேதான் பலர்க்குத் தெரிய வருகின்றது. அச் சட்டத்தின் இக்குறை கண்டிக்கத் தக்கது. ஏழ்மை பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்த்து வருவதில்லை.

இரண்டாவது, தமிழ்வழிப் பயின்றோர்க்கான முன்னுரிமை. அரசுப் பணியமர்த்தத்தில் 20 விழுக்காட்டு இடங்களைத் தமிழ்வழியிற் படித்தவர்க்கு வழங்கும் சட்டம் 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பட்டப்படிப்பை மட்டும் தமிழில் முடித்துவிட்டு இடம் கேட்டவர்கள் பெருகவே, பள்ளிப்படிப்பையும் தமிழ்வழியிலேயே பயின்றிருக்க வேண்டுமென 2020ஆம் ஆண்டிற் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தம் நேரியதே. ஆனால் அதன் விளைவு யாதெனின், ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறிய உழவன் மகன், பின்னர்த் தமிழிலேயே பட்டம் பெறினும், அந்த நூற்றுக்கு இருபதிற்கு உரியவனாகான். நிலத்தை ஒற்றி வைத்து, கட்டணம் கட்டி, தன் பிள்ளைக்கு உரிய இடத்தைத் தானே விற்றுவிட்டு வருகின்றான் தந்தை.

இனி, தனியார் பள்ளியை மட்டும் பழித்துப் பயனில்லை. 2012–13ஆம் கல்வியாண்டினின்று அரசு தன் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகளைத் திறக்கத் தலைப்பட்டது. ஒரு கையால் தமிழ்வழிக்கு முன்னுரிமைச் சட்டம். மறுகையால் தமிழ்வழி வகுப்பறையின் வாயிலடைப்பு. ஒரே கூரையின்கீழ் ‘அ’ பிரிவு ஆங்கிலம், ‘ஆ’ பிரிவு தமிழ் என்றானபோது, நன்கு படிக்கும் பிள்ளையெல்லாம் முன்னதற்கும், பின்தங்கிய பிள்ளை பின்னதற்கும் தள்ளப்படுவதைச் சிற்றூர்ப் பள்ளிகளிற் காணலாம். தமிழ்வழி என்பது தோற்றவர்க்குரியது என்னும் எண்ணத்தை அரசுப் பள்ளியே பத்து அகவைப் பிள்ளையின் உள்ளத்தில் ஊன்றிவிட்டால், அப்பிள்ளையின் பெற்றோரிடம் போய்த் தமிழின் பெருமை பேசுவது எங்ஙனம்?

ஆங்கிலம் வேண்டாமென்பது இதன் பொருளன்று. அதனை ஒரு மொழியாக நன்கு கற்க வேண்டும்; தமிழ்வழிப் பிள்ளை தனியார் பள்ளிப் பிள்ளையினும் பிழையற ஆங்கிலம் எழுதவேண்டும்; அதற்கு நல்ல ஆங்கில ஆசிரியர் ஊர்ப்பள்ளிக்கு வேண்டும். ஒரு மொழியைக் கற்பது வேறு, அம்மொழியாற் கணக்கையும் இயற்பியலையும் கற்பது வேறு. இந்த வேறுபாட்டை விளக்கிச் சொன்னால் எழுதப் படிக்கத் தெரியாத கரிசற்காட்டு மூதாட்டியும் விளங்கிக் கொள்வாள். பட்டம் பெற்றவர்க்குத்தான் விளங்குவதில்லை.

தேர்வென்னும் சுவர் புதிதன்று. மருத்துவம், பொறியியல் ஆகியவற்றிற்குத் தமிழ்நாட்டில் 1984ஆம் ஆண்டில் நுழைவுத் தேர்வு புகுத்தப்பட்டது. நகரத்துத் தனிப்பயிற்சி நிலையங்கள் செழித்தன. சிற்றூர்ப் பிள்ளைகள் தேய்ந்தனர். 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2007இற் குடியரசுத் தலைவரின் இசைவு பெற்ற சட்டத்தால் அது நீக்கப்பட்டது. பத்தாண்டு மூச்சு விட முடிந்தது. 2017இல் நீட் வந்து அம்மூச்சை நிறுத்தியது. அரியலூர் மாவட்டத்துக் குழுமூரிற் கூலித் தொழிலாளியின் மகளாகப் பிறந்த அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்றாள். மருத்துவத்திற்குரிய கணக்கீட்டில் 200க்கு 196.75. பழைய நெறியில் ஐயமின்றி இடம் கிடைத்திருக்கும். உச்ச வழக்குமன்றம் வரை சென்று முறையிட்டும் பயனின்றி, 2017 செப்தம்பர் 1ஆம் நாள் உயிர் நீத்தாள். முன்னாள் நடுவர் ஏ.கே. இராசன் தலைமையில் 2021இல் அரசு அமைத்த குழு கண்டறிந்தது, நீட்டிற்கு முந்தைய ஆண்டில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைவராய் இருந்த தமிழ்வழி மாணவர், நீட் வந்த ஆண்டிலேயே இருவரினுங் குறைந்தனர் என்பது. அவ்வாண்டே சட்டமன்றம் நிறைவேற்றிய விலக்குச் சட்டவரைவிற்குக் குடியரசுத் தலைவரின் இசைவு மறுக்கப்பட்டமை 2025 ஏப்பிரலில் வெளிப்பட்டது.

நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாமே என்பார் உளர். 2018ஆம் ஆண்டின் தமிழ் வினாத்தாளிற் பிழைபட்ட வினாக்கள் நாற்பத்தொன்பது. சிறுத்தை என்று பெயர்க்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஒலியை அப்படியே பற்றி ‘சீத்தா’ என்று எழுதிவைத்தனர். தமிழ் தெரிந்த ஒருவரிடம் அத்தாளைக் காட்டியிருப்பின் ஒரு நாழிகையில் திருத்திக் கொடுத்திருப்பார். வழக்கு மதுரைக்கு வந்தது. உயர்வழக்கு மன்றக் கிளை, வினாவிற்கு நான்காக 196 மதிப்பெண் வழங்குமாறு சூலையில் தீர்ப்பளித்தது. உச்ச வழக்குமன்றம் அதனை முதலில் தடுத்து, பின்னர் நவம்பரில் தள்ளிவிட்டது. பிழை செய்தவர்க்கு ஒன்றுமில்லை; பிழையைப் படித்தவர்க்கே தண்டனை. அதே ஆண்டில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர்க்குக் கேரளத்திலும் அதனினும் சேய்மையிலும் தேர்வு மையம் ஒதுக்கினர். மகனை எறணாகுளத்திற்கு அழைத்துச் சென்று தேர்வறைக்குள் அனுப்பிவிட்டுத் தங்கியிருந்த தந்தை ஒருவர் அங்கேயே நெஞ்சடைத்து இறந்தார். மகன் தேர்வெழுதி முடித்து வெளிவந்த பின்னரே அறிந்தான்.

பல்கலைக்கழக வாயில் ஓரினத்தின் கழுத்தை நெரிக்கும் கயிறாவதைத் தமிழர் ஈழத்திலே முன்பே கண்டனர். 1971ஆம் ஆண்டுச் சேர்க்கையில் மருத்துவத்திற்குச் சிங்கள வழி மாணவர் 229 மதிப்பெண் பெற்றாற் போதும். தமிழ்வழி மாணவர் 250 பெறவேண்டும் என்றாக்கினர். ‘தரப்படுத்தல்’ என்று அதற்குப் பெயர். யாழ்ப்பாணத்து இளைஞரை அது எங்குக் கொண்டு சென்றது என்பது இவ்விதழைப் படிப்பார்க்குக் கூற வேண்டுவதில்லை. அதே யாழ்ப்பாணத்தில், அதற்கு நூறாண்டு முன்னர், சாமுவேல் பிசுக் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1847இல் வந்தவர், தாமே தமிழ் கற்று, உடற்கூறும் பிணிநூலும் தமிழிற் பெயர்த்து, 1860களில் தமிழ்வழியே மருத்துவரை உருவாக்கினார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் எனத் தம் கல்லறையிற் பொறிக்கச் சொன்னவர் அவர். அயலான் செய்து காட்டியதைத் தமிழ்நாட்டு ஆட்சியாளர் இற்றைநாள் வரை முடியாதென்கின்றனர்.

பொறியியலிலேனும் ஒரு தொடக்கம் உண்டு. 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கலாயிற்று. பெற்றோர் தயங்கினர், இடங்கள் ஒழிந்தன, இதையே கரணியமாக்கி 2023 மே திங்களில் உறுப்புக் கல்லூரிகள் பதினொன்றில் தமிழ்வழிச் சேர்க்கையை நிறுத்துவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்ப்பு எழவே விரைவிற் பின்வாங்கியது. தமிழில் நூல் எழுதுவிக்காது, வளாகத்திற்கு வரும் குழுமங்களிடம் இப்பிள்ளைகட்காக வாதாடாது, ஆள் சேரவில்லை என்று கதவை மூடுவது, பாலூட்டாது குழந்தையை நோஞ்சான் என்பது போலாம். ஆயினும் அங்குத் தயங்கிய பெற்றோர்க்கும் பங்குண்டு. தமிழ் வாழ்க எனச் சுவரெழுதும் கை, விருப்பப் பட்டியலிற் தமிழ்வழிப் பிரிவைக் கண்டதும் ஏன் நடுங்க வேண்டும்?

விருப்பப் பட்டியல் என்றமையால் அதன் செயற்பாட்டையும் கூறிவிடுதல் நலம். இதிலேதான் தரகர் பெற்றோரைக் குழப்புகின்றனர். கணக்கிற்கு நூறு, இயற்பியலிற்கும் வேதியியலிற்கும் ஐம்பது ஐம்பதாகச் சேர்த்து இருநூற்றுக்கு ஒரு மதிப்பு வகுப்பர். அதனைக் கொண்டு தரவரிசை. பின்னர்ப் பிள்ளை தான் விரும்பும் கல்லூரியையும் பிரிவையும் வேண்டிய அளவு வரிசைப்படுத்தித் தரலாம். கணினி ஒவ்வொரு பிள்ளையின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் படித்து, எஞ்சியிருக்கும் முதல் இடத்தை ஒதுக்கும். ஆகலின், கிடைக்காதென்று அஞ்சி விரும்பும் கல்லூரியைக் கீழே தள்ளிவைப்பதாற் பயனேதும் இல்லை. மேலே வைப்பதால் இழப்பும் இல்லை. உண்மையான விருப்பத்தின் வரிசையே சரியான வரிசை. பட்டியலைக் குறுக்குவதுதான் கேடு. பத்தே இடம் எழுதிவிட்டு ஒன்றுங் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பார் உளர். முதலொதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் இசைவு தெரிவிக்க வேண்டும். களையெடுப்பிற்கோ கல்யாணத்திற்கோ போய்விட்டு மூன்றாம் நாள் கடைக்கு வந்தால் இடம் கைநழுவியிருக்கும்.

தரகரைப் பற்றி ஓரிரு சொல். தேர்வு முடிவு வருமுன்னரே ஊர்த் திண்ணைக்கு வருவர். அவர் கூறும் கல்லூரி, சேர்த்துவிட்டால் அவர்க்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கல்லூரி. பிள்ளைக்கு ஏற்றதா என்பது அவர் கவலையன்று. ‘இடம் பிடித்து வைக்கின்றேன்’ என மூலச்சான்றுகளை வாங்கிச் சென்றுவிட்டால், கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தபின் அவற்றை மீட்கப் படாத பாடு படவேண்டும். எந்தக் கல்லூரியும் மாணவரின் மூலச்சான்றைப் பிடித்து வைத்தலாகாது என்று பல்கலைக்கழக நல்கைக்குழு 2018ஆம் ஆண்டிலேயே அறிவித்துள்ளது. சரிபார்த்த உடனே திருப்பித் தருதல் கடமை. இதனைச் சொல்லிக் கேட்கும் துணிவு தந்தைக்கு வேண்டும். அல்லது ஊரிற் படித்த இளைஞர் இருவர் அவரோடு போகவேண்டும். மன்றம் வைத்து ஆண்டுவிழா எடுக்கும் இளைஞர்க்கு இதனினும் சிறந்த தமிழ்ப்பணி இல்லை.

பெண்பிள்ளையின் நிலை இன்னும் கடிது. மதிப்பெண்ணில் அண்ணனை விஞ்சியவளை, ‘கோவிற்பட்டியிலேயே ஏதாவது படிக்கட்டும், நெல்லைக்கும் மதுரைக்கும் விடுதிக்கு அனுப்ப இயலாது’ என்பர். ‘ஏதாவது’ என்னும் அச்சொல்லில் ஒரு பெண்ணின் வாழ்வு அடங்கிவிடுகின்றது. பருத்தியெடுப்பிலும் தீப்பெட்டி ஒட்டுவதிலும் ஈட்டி வீட்டைத் தாங்கியவளும் அவளே. அரசுப் பள்ளியிற் பயின்று மேற்படிப்பிற் சேரும் பெண்கட்குத் திங்கள்தோறும் ஆயிரம் உருபா வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கிற்று. 2024 திசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளியிற் தமிழ்வழிப் பயின்ற பெண்கட்கும் தூத்துக்குடியில் வைத்து அது விரிக்கப்பட்டது. தமிழ்வழிப் படித்தமைக்காக ஒரு பெண்ணுக்குப் பணம் வந்தது. இது பலர் காதுக்கு எட்டவில்லை. குடும்பத்திற் பட்டம் பெறும் முதற்பிள்ளைக்குப் பொறியியல் முதலியவற்றிற் படிப்புக் கட்டணச் சலுகை 2010ஆம் ஆண்டிற் குலவேறுபாடின்றி ஏற்பட்டது. (‘முதல் பட்டதாரிச் சான்று’ என்று அலுவலகத்தில் அதற்குப் பெயர். ‘தாரி’ என்னும் வடசொல்லொட்டு நீங்கி ‘முதற்பட்டர்’ என்றோ வேறு நற்பெயராலோ வழங்கும் நாள் வரும். அதுவரை அப்பெயராலேயே கேட்டு வாங்குக.) அண்ணன் இச்சலுகையில் முன்பே படித்திருந்தால் தங்கைக்கு அது கிட்டாது என்பதனை நினைவிற் கொண்டு, எவர்க்கு அதனைப் பயன்படுத்துவதென வீட்டில் அமர்ந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். வழக்கம்போல் ஆணுக்கே என முடிவு கட்டுதல் தமிழர் அறமன்று.

என்ன படிப்பது என்பதும் இன்று ஒரு தொற்றுநோய் போலாகிவிட்டது. அடுத்த வீட்டுப் பையன் கணினிப் பொறியியல் எடுத்தான், ஆகவே இவனும். கோவிற்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று கரிசல்மண்ணின் பருத்தியையும் சோளத்தையும் ஆராய்ந்து வருகின்றது. அவ்வேலிக்கு வெளியே நின்று ஆடு மேய்த்தவரின் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் உள்ளே ஆய்வாளராகப் போயினர்? நாற்பதாண்டுக்கு மேலாகக் கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கின்றது, அங்கும் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு உண்டு. ஊரிலேயே நேசனல் பொறியியற் கல்லூரி 1984 முதல் இருக்கின்றது. கலை, அறிவியற் கல்லூரிகள் 1990இல் எழுந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நிற்கின்றன. உழவன் மகன் உழவே படிக்க வேண்டுமென்று கூறுவதாக எவரும் திரித்துக் கொள்ள வேண்டா. 1953இல் அவ்வாறு கூறிய குலக்கல்வித் திட்டத்தை இந்நாடு குழிதோண்டிப் புதைத்துவிட்டது. உழவன் மகள் விண்ணூர்தி கட்டட்டும். ஆனால் மண்ணை அறிந்த பிள்ளை, மண்ணைப் பற்றிய படிப்பு என ஒன்று இருப்பதையே அறியாமற் போவது இரங்கத்தக்கது.

இடைசெவலிற் பிறந்த கி. இராசநாராயணன் பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர். கரிசற் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார். அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அவர் நடையில் வேற்றுமொழிச் சொல் விரவியிருத்தல் தனித்தமிழார்க்கு உடன்பாடன்று. எனினும் பல்கலைக்கழகம் தன் வாயிலுக்கு வராத அறிவைத் தானே தேடிச் செல்ல இயலும் என்பதற்கு அவர் சான்று. பட்டம் இல்லாதவரை அழைத்தவர்க்கு, தமிழ்வழிப் பிள்ளையை அழைக்க மட்டும் ஏன் இயலவில்லை?

காத்திருக்கும் நாட்கள் நீண்டவை. மதிப்பெண் வந்த நாளில் தந்தை கூறும் முதற்சொல் பிள்ளையின் நெஞ்சில் ஆணி போல் இறங்கும். ‘உனக்காக நிலத்தை வைத்தேனே’ என்பது உண்மையாயிருக்கலாம். அந்நாளிற் கூறத்தக்கது அன்று. பிள்ளை உண்ணாமல் ஒதுங்கினால், உறங்காமல் இருந்தால், தனித்து விடாமல் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். தேர்வில் தவறியவர்க்கும் அவ்வாண்டே துணைத்தேர்வு உண்டு; பலதொழிற் பயிலகம் உண்டு; அங்கு முடித்தபின் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரே சேர வழி உண்டு. இவற்றைத் தெரிந்துவைத்திருந்து, பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொன்றாய்க் கூறும் தாய்தந்தையே அந்நாளிற் பிள்ளைக்கு வேண்டுவோர். அண்டை வீட்டார் வந்து மதிப்பெண் கேட்டால், ‘நன்றாகப் படித்தாள்’ என்று விடையளித்து, பனைவெல்லக் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம்.

இவ்வாண்டு பள்ளியை விட்டு வெளிவரும் பிள்ளைகளின் பெற்றோர் மாற்றுச் சான்று வாங்கும் அன்றே, அப்பள்ளியிற் தமிழ்வழியிற் பயின்றமைக்கான சான்றையும் கேட்டுப் பெறவேண்டும். முதல் வகுப்பினின்று படித்த பள்ளி ஒவ்வொன்றினின்றும் அது வேண்டும். பிள்ளை குறைந்து மூடப்படும் ஊர்ப்பள்ளிகள் பெருகிவரும் காலம் இது. பத்தாண்டு கழித்துப் பணித்தேர்விற் தேறியபின் தேடிப்போனால், பதிவேடு எந்த அலுவலகத்தின் பரண்மேல் இருக்கின்றதென எவர்க்கும் தெரியாது. தலைமையாசிரியர் பின்னர்த் தருகின்றேன் என்றால் அங்கேயே அமர்ந்துவிடுக. விடைத்திங்கள் வெயிலிற் பள்ளித் தாழ்வாரம் குளிர்ச்சியாகவே இருக்கும்.